தெளிவாக வந்த பாட்டு

அக்கா,

இன்று காலை ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது அலமாரியில் இருந்த ரேடியோ கரகரத்தது. எழுந்துவிட்டாய் என்று நினைத்தேன். கை புளியிலேயே நின்றுவிட்டது. கூடத்தில் அம்மா, துவைத்த துணியோடு ஜன்னலைக் கடந்து போய்க்கொண்டிருந்தாள்.

பாம்பனில் நம் வீட்டு ரேடியோவுக்கு மதுரையைவிட இலங்கைதான் பக்கம். அங்கிருந்து வரும் பாட்டு கூடத்து ஜன்னல் வழியாக நுழைந்து அடுக்களைக்கு வரும். நடுவில் ஒருவர் நடந்தால் போதும், இரைச்சல்.

"அங்கனயே நில்லுக்கா, அசையாத. நல்ல பாட்டு."

"நான் என்ன ஆண்டெனாவாடி? வேணும்னா தலையில கம்பியக் கட்டி விடு."

ஏன் இப்படி என்று எங்கோ படித்துவிட்டு வந்து உனக்குச் சொன்னேன். உடம்பில் பெரும்பகுதி உப்புத் தண்ணீர். ரேடியோ அலையை அது கொஞ்சம் விழுங்கிவிடும். மிச்சம் சுவர்களில் பட்டுச் சிதறி, ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். ஆள் நகர நகர அதுவும் மாறிக்கொண்டே இருக்கும். நீ சிரித்தாய். "அப்ப நானும் ஒரு கடலுதான்டி. ரெண்டு கடலத் தாண்டி ஒனக்குப் பாட்டு வருது."

நீ நோயில் விழுந்த பிறகு, காற்றுக்காக உன் கட்டிலை அந்த ஜன்னலுக்குக் கீழே போட்டோம். படுத்திருந்தால் பாட்டுக்குக் குறுக்கே நீ இல்லை. எழுந்து சுவரைப் பிடித்து நடந்தால்தான் கரகரக்கும். அடிக்கடி வந்து பார்த்தால் உனக்குக் கோபம். "செத்தா போயிட்டேன்? சும்மா சும்மா எட்டிப் பாக்காதடி." அதனால் பார்ப்பதை விட்டுவிட்டுக் கேட்கத் தொடங்கினேன். இரைச்சல் வந்தால் நீ நடக்கிறாய். அது போதும் எனக்கு. இதை உன்னிடம் சொன்னதே இல்லை.

அன்று மத்தியானத்துக்கு மேல் பாட்டு தெளிவாக வந்தது. ஒன்று முடிந்து இன்னொன்று, ஒரு கீறல் இல்லை. காற்று விழுந்துவிட்டால் இலங்கைப் பாட்டு அப்படித்தான் வரும் என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். கச்சான் காற்று ஓய்ந்துவிட்டது என்று நினைத்தேன். மீன் கழுவியபடி கூடவே பாடினேன். உனக்குக் காப்பி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது ஜன்னல் திரை படபடத்துக்கொண்டிருந்தது.

ஓய்ந்தது காற்று இல்லை.

"எந்நேரமும் இரைச்சல். தூக்கித்தான் போடேன் அத" என்கிறாள் அம்மா. போட மாட்டேன். பாட்டு வெகுநேரம் தெளிவாக வந்தால்தான் எனக்கு இப்போது பொறுப்பதில்லை. அடுப்பைத் தணித்துவிட்டுக் கூடத்துக்குப் போகிறேன். உன் கட்டில் இருந்த இடத்திலிருந்து, சுவரைப் பிடித்தபடி, ஜன்னலுக்குக் குறுக்கே மெல்ல நடக்கிறேன்.

அடுக்களையில் ரேடியோ கரகரக்கிறது.