மாடியில் காய்ந்த வெள்ளைப் பனியன்

காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வரும் நேரம். நைட் ஷிப்ட் முடிந்து வரப்போகும் கணவன் சுப்பராயனுக்காகச் செண்பகம் காலண்டர் தாளைக் கிழித்து எழுதினாள்:

"மாமா, இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்குது. காரச் சட்னி உனக்குன்னு தனியா அரைச்சேன். பத்து மணிக்கு புரோக்கர் வருவாரு, தூங்கிடாத. எதுலயும் கையெழுத்து போட்டுடாத.

பட்டா பாரு, ரோடு இருபதடி இருக்குதா பாரு, போர் தண்ணி உப்பா பாருன்னு உன் சூப்பர்வைசர் மோனிகா மேடம் சொன்னத நாலு நாளா ஒப்பிச்சிக்கினு இருக்கற. கும்மிடிப்பூண்டில நாம வாங்கப்போற ஊட்டப் பாக்க அவங்கள கூட்டினு போன. என்னக் கூப்டியா?"

மற்றதெல்லாம் முத்துமுத்தான எழுத்து. மோனிகா என்ற பெயரில் மட்டும் பேனா தாளில் பொத்தல் போட்டிருந்தது.

"அதான் நேத்து லீவு போட்டு நானே போனேன். உன் வெள்ளைப் பனியன நனைச்சி, அந்த ஊட்டு மாடிக் கொடியில காயப் போட்டேன். சாயங்காலம் பாத்தா ஒரே கரி. இரும்பு உருக்கற கம்பெனிப் புகை மொத்தமும் அங்கதான் வருது. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு உங்க மேடம் பாக்கலியா?"

வாசலில் பஸ் ஹாரன் அடித்தது. அடியில் நுணுக்கி எழுதினாள்: "பனியன் சேர் மேல இருக்குது. புரோக்கர்கிட்ட காட்டு."

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து ஓரத்தில் சேர்த்தாள்: "மேடம்கிட்டயும் காட்டு. அந்த ஊட்ட வாங்கினா, தெனம் வந்து தோய்ச்சிக் குடுப்பாங்களான்னு கேளு."