ஏழாவது கேள்வி

திண்டுக்கல்,
9-2-1961, வியாழக்கிழமை.

சேசு, மரி, சூசை மூவரும் உன் பக்கத்திலேயே நிற்க, சென்னையில் இருக்கும் என் மகள் சகாயசெல்விக்கு அம்மா எழுதுவது.

கையெழுத்தைப் பார்த்ததும் திடுக்கிட்டிருப்பாய். எப்போதும் உங்கப்பாவின் முத்து முத்தான எழுத்துத்தானே வரும், கடைசியில் "அம்மா சுகம்" என்று ஒரு வரியோடு? இந்த முறை நானே எழுதுகிறேன். கன்னியாஸ்திரிகளிடம் ஐந்தாவது வரை படித்தவளுக்கு இதைவிட நேராக எழுத வராது. ஒரே மூச்சில் எழுதவும் முடியவில்லை. காலையில் கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம் என்று எழுதுகிறேன். எழுத்து அங்கங்கே சாய்ந்திருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் நல்ல செய்தி. உன் ஸ்வெட்டர் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் உங்கப்பாவோடு வேலை பார்க்கும் ஒருவர் கொடைக்கானல் போனபோது வாங்கி வந்தார். நீ கேட்டது நீலம், வந்தது கத்தரிப்பூ நிறம். உங்கப்பாவிடம் சொன்னால், "லண்டன் குளிருக்குக் கலரா தெரியப்போவுது?" என்கிறார். அவரோடு என்னத்தைப் பேச! நார்த்தங்காய் ஊறுகாயும் தயார். பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவிதான் போட்டாள். நான் உட்கார்ந்து உப்புப் பதம் மட்டும் சொன்னேன். ஊறுகாய்ப் பானையை இன்னொருத்தி தொட விடாத அம்மா எப்படி விட்டாள் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நின்றுகொண்டு வாசிக்கிறாயா? உட்கார், தாயி.

எனக்கு வயிற்றில் கட்டி. ஐப்பசியில் மதுரைக்குப் போய் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டினோம். அறுத்தாலும் பிரயோசனம் இல்லை என்றுவிட்டார். உங்கப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்த மனுஷன் நேரே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். ஒரு ஆரஞ்சுப்பழம் வாங்கி உரித்து, கொட்டையை எடுத்து, சுளை சுளையாக என் கையில் கொடுத்தார். கலியாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் எனக்குப் பழம் உரித்துக் கொடுத்தது அன்றைக்குத்தான். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. அப்புறம் திட்டித் திட்டிக் கேட்டதில் சொன்னார். ஈஸ்டர் வரைக்கும் இருந்தால் பெரிய காரியமாம்.

ஆகையால் நாலு மாசமாக உனக்கு வந்த "அம்மா சுகம்" எல்லாம் பொய். உங்கப்பாவைக் கோபிக்காதே, எழுதச் சொன்னவள் நான். கிறிஸ்துமஸுக்கு வர வேண்டாம், வீண் அலைச்சல் என்று எழுதச் சொன்னதும் நான்தான். நீ நர்சுக்குப் படிக்கிறவள். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாய். அப்புறம் கப்பலாவது லண்டனாவது என்று என் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாய். உன் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா?

உங்கப்பாவுக்கு இராப்பகலாக ஒரே யோசனை. மார்ச் பதினெட்டாம் தேதி பம்பாயில் கப்பல். அதற்குள் எனக்கு ஒன்று ஆகிவிட்டால் நீ எப்படிக் கிளம்புவாய்? முப்பதாம் நாள் பூசைகூட முடியாமல் பெண்ணைக் கப்பலேற்றிவிட்டான் பார் என்று ஊர் பேசாதா? டிக்கெட்டும் வீண், லண்டன் ஆஸ்பத்திரியில் கிடைத்த இடமும் வீண். இப்படிப் புலம்பிக்கொண்டிருந்தபோதுதான் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு ராயப்பராஜைக் கோயிலில் பார்த்திருக்கிறார். பிரயாணத்துக்கென்றே ஒரு இன்ஷூரன்ஸ் இருக்கிறதாம். வீட்டில் சாவு விழுந்து பயணம் நின்றுபோனால் டிக்கெட் பணம் திரும்பி வந்துவிடும், அடுத்த கப்பலில் போய்க்கொள்ளலாம் என்றாராம். ராயப்பராஜ் ஊருக்கு அந்தக் கோடியில் இருப்பவர். நான் பூசைக்கு வராததை மூட்டுவலி என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தோம்.

அதற்கு நிரப்பிக் கொடுக்க ஒரு பாரம், அதில் பதினோரு கேள்வி. ஏழாவது கேள்வி: பயணியின் தாய், தகப்பன், உடன்பிறந்தோர் யாரேனும் கடும் நோயுற்றிருக்கிறார்களா? உண்டு என்றால் இன்ஷூரன்ஸ் கிடையாது. ஏஜெண்டும் வீட்டுக்கு வந்து, ஆளை நேரில் பார்த்து, கையெழுத்துப் போட வேண்டுமாம்.

பையன்கள் பரீட்சையில் எட்டிப் பார்த்தாலே பிரம்பை எடுக்கிற மனுஷன் உங்கப்பா. அந்தப் பாரத்தை மூன்று நாள் மேசையில் வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தார். நான்தான் விடவில்லை. "இல்லைன்னு எழுதுங்க. நான் என்ன செத்தா போயிட்டேன்? அந்த ஆளு வர்ற அன்னைக்கு ராணி மாதிரி நாற்காலியில உக்காந்து காட்டுறேன்" என்றேன். போன வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு ராயப்பராஜை வரச் சொன்னார்.

அன்றைக்கு ஜெய்தூன் வெள்ளெனவே வந்து தலை வாரிவிட்டாள். எலும்பு தெரியக் கூடாது என்று இடுப்பைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டி, அதன் மேல் அரக்குப் பட்டுச் சேலையைக் கட்டினாள். கன்னத்தில் பவுடர் பூசி, "அக்கா, கலியாணப் பொண்ணு தோத்துப்போவா போங்க" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரும்பி முக்காட்டால் கண்ணைத் துடைத்ததையும் பார்த்தேன். மடியில் முறத்தை வைத்து அரிசியில் கல் பொறுக்குகிறவள் மாதிரி உட்கார்ந்தேன். ராயப்பராஜ் மூட்டுவலி எப்படியம்மா என்று விசாரித்தார். "செத்த நேரம் நின்னாத்தான் வலிக்கி, உக்காந்தா ஒண்ணுமில்ல" என்று வாய் நிறையச் சிரித்தேன். அம்புட்டு நடிப்பு எனக்குள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

உங்கப்பா ஒவ்வொரு கேள்வியாக எழுதிக்கொண்டு வந்தார். ஏழாவதில் பேனா நின்றது. நான் முறத்தை ஒரு தட்டுத் தட்டினேன். "இல்லை" என்று எழுதினார். மையை ஒற்றக்கூட இல்லை, தெருமுனையில் மணிச்சத்தம் கேட்டது.

போன வெள்ளி மாசத்து முதல் வெள்ளி, தாயி! சாமியார் நோயாளிகள் வீடுகளுக்கு நற்கருணை நன்மை கொண்டுவருகிற நாள். மூன்று மாசமாக நம் வீட்டுக்கும் வந்துகொண்டிருக்கிறார். இன்ஷூரன்ஸ் பரபரப்பில் இரண்டு பேருக்கும் அது நினைப்பே இல்லை. முதல் வெள்ளியை மறந்துவிட்டுப் பவுடர் பூசிக்கொண்டு உட்கார்ந்த கிறிஸ்தவச்சி இந்தத் திண்டுக்கல்லில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

உபதேசியார் கைமணியை அடித்துக்கொண்டு முன்னால் வர, சாமியார் நற்கருணையை நெஞ்சோடு அணைத்துப் பின்னால் வருகிறார். தெருவில் சைக்கிளில் போனவர்கூட இறங்கி முழங்காலிட்டார். ராயப்பராஜும் பாரத்தைக் கீழே வைத்துவிட்டு முழங்காலில் நின்றார். "பாவம், யாரு வீட்டுக்கோ" என்றார். ஆண்டவர் தெருவில் போகும்போது நான் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியுமா? முறத்தை இறக்கிவிட்டு நானும் முழங்காலிட்டேன். மணி கிட்டே வந்தது, இன்னும் கிட்டே வந்தது, நம் வாசலில் நின்றது.

சாமியார் உள்ளே வந்தவர் என்னைப் பார்த்துப் பதறிவிட்டார். "ஏம்மா கட்டிலை விட்டு எறங்குன? ராத்திரி வாந்தி நின்னுச்சா?" என்று கேட்டார். அவர் மேல் என்ன தப்பு? முழங்காலிலேயே நன்மை வாங்கினேன். அப்புறம் எழுந்திருக்க முடியவில்லை. உங்கப்பா ஒரு பக்கமும் ராயப்பராஜ் ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். இடுப்புத் துண்டு அவிழ்ந்து தரையில் விழுந்தது. பிடித்த என் கையில் எலும்பைத் தவிர ஒன்றும் அகப்படாமல் ராயப்பராஜ் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே வெட்கமாகிவிட்டது.

சாமியார் போன பிறகு ராயப்பராஜ்தான் முதலில் பேசினார். "வாத்தியாரே, நான் கண்ணை மூடிச் செபம் சொல்லிக்கிட்டு இருந்தேன். ஒண்ணையும் பாக்கல. பாரத்தைக் குடுங்க, இன்னைக்கே அனுப்பிடுறேன்" என்றார். தெரிந்தால் அவர் வேலையே போய்விடும். இருந்தும் அப்படிச் சொன்னார், நல்ல மனுஷன். நான் சரி என்று வாயெடுத்தேன். அதற்குள் உங்கப்பா, "நீங்க பாக்கல, சரி. வீட்டுக்கு வந்த ஆண்டவரு பாத்துட்டாரே" என்று சொல்லிவிட்டு, "இல்லை"யை அடித்து "உண்டு, தாய்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பெற்ற பெண்ணைவிடப் பாரம் பெரிதாகப் போய்விட்டதா என்று வாயில் வந்தபடி பேசினேன். சாயங்காலம் வரைக்கும் அவர் கொடுத்த கஞ்சியைத் தொடவில்லை. விளக்கு வைக்கிற நேரம் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏஜெண்டுக்கு ஒரு தடவதான் இல்லைன்னு எழுதினேன். புள்ளைக்கு நாலு மாசமா எழுதிக்கிட்டு இருக்கேன். இனிமே என் கை எழுதாது. நீயே எழுது" என்று சொல்லித் தேம்பித் தேம்பி அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. பிறகு கஞ்சியைக் குடித்தேன்.

நேற்று கம்பெனியிலிருந்து பதில் வந்தது. ராயப்பராஜே கொண்டுவந்து, தலையைக் குனிந்துகொண்டு வாசித்துக் காட்டினார். உன் பெட்டி காணாமல் போனால் பணம் உண்டு. கப்பலில் கால் வழுக்கி விழுந்தால் உண்டு. உங்கப்பாவுக்கு ஒன்று ஆனாலும் உண்டாம். "தாயின் நோயால் நேரும் தடை நீங்கலாக" என்று என்னை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். பார்த்தாயா என் மதிப்பை!

இனிமேல் உன் டிக்கெட்டுக்கு நீதான் காவல். நான் எப்போது கண்ணை மூடினாலும் பதினெட்டாம் தேதி நீ கப்பலில் இருக்க வேண்டும். ஊர் பேசினால் பேசட்டும், சாமியாரிடம் நான் சொல்லி வைத்துவிட்டேன். இந்தச் சத்தியத்தை உன்னிடம் கடிதத்தில் வாங்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் நீ வா.

இருபதாம் தேதி பரீட்சை முடிகிறது என்று எழுதியிருந்தாய். மறுநாள் ராத்திரி எழும்பூரில் ரயில் ஏறினால் விடியும்போது திண்டுக்கல். அதுவரைக்கும் நான் இருப்பேன். அதற்கு எந்தக் கம்பெனியும் கையெழுத்துப் போட வேண்டாம், நான் சொல்கிறேன். பரீட்சையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்தாயோ, வாசலிலேயே திட்டி அனுப்பிவிடுவேன்.

வந்து பத்து நாள் என்னோடு இரு. நாடி பிடித்துப் பார், மறைத்ததற்காகச் சண்டை போடு, அழ வேண்டியதையெல்லாம் என் முன்னாலேயே அழுது தீர்த்துவிடு. பம்பாயில் இருக்கும்போது தந்தி வந்தால் திரும்பி வராதே. செத்துக் கிடக்கிறவளைப் பார்க்க வருகிற வருகையை இப்போதே எனக்குக் கொடுத்துவிடு. உன்னை விட்டால் உங்கப்பாவுக்கு யாரும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். கடிதம் மட்டும் அவருக்கு வாரந்தவறாமல் போடு, உண்மையையே எழுது.

இத்தனை நாளாக நீ வரக் கூடாது, வரக் கூடாது என்று நான் வாயால் சொன்னேன். மனசுக்குள் தினமும் ரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னைப் பார்க்காமல் சாக எனக்குப் பயமாக இருக்கிறது, தாயி. இதை உங்கப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

கடிதத்தை ஆசீர்வாதம் எழுதி முடிக்க வேண்டும். நான் எழுதப்போவதில்லை. சின்ன வயசிலிருந்து நீ எங்கே கிளம்பினாலும் உன் நெற்றியில் சிலுவை போட்டுத்தான் அனுப்பியிருக்கிறேன். இந்தப் பயணத்துக்கு அதைத் தாளில் போட்டு அனுப்ப என்னால் ஆகாது. நெற்றியைக் கொண்டு வா.

உன் அம்மா,
ஞானசௌந்தரி