நாகலாபுரத்து சிட்டம்மாள்

உத்திரமேரூர்

என் கண்ணு வளர்மதிக்கு அம்மா எழுதிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் கொழந்தையும் அந்தக் குளிர் தேசத்துல நல்லபடியா இருக்கணும். இங்க நானும் அப்பாவும் சுகமா கீறோம். சுகம்னு எழுதவே எனக்கு இப்ப நெஞ்சு நெறஞ்சு போவுது. போன்ல சொல்ல ஆரம்பிச்சா நீ அழுவுற, நானும் அழுதுடுறேன், நடந்ததுல பாதிதான் உனக்குத் தெரியும், அதான் உக்காந்து எழுதுறேன்.

நம்ம அம்மன் கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகைய அத்தைக்கு நேர்ல குடுக்கணும்னு அப்பா நாகலாபுரம் போனாரில்ல. ஆந்திரா எல்லையத் தாண்டினா வர்ற சின்ன மண்டலம் அது, நம்ம தாலுகா மாதிரி, ஒரே வூட்லயே தமிழும் தெலுங்கும் கலந்து பேசிக்கினு இருப்பாங்க. அத்தை வூடு மாறிட்டதால மண்டல ஆபீஸாண்ட எறங்கி வழி கேட்டிருக்காரு. இவரு பேசினது ஒருத்தருக்கும் வெளங்கல. தமிழாளு தெலுங்கு பேசப் பாக்குறாருன்னு சிரிச்சாங்களாம், குடிச்சிட்டு வந்திருக்காருன்னு சிலபேரு ஒதுங்கிப் போனாங்களாம். பட்டா விஷயமா அங்க வரிசையில நின்னுக்கினு இருந்த சிட்டம்மாள்னு ஒரு அம்மா தெலுங்குல கேட்டாங்க, தமிழ்ல கேட்டாங்க, அப்புறம் கிட்ட வந்து மூஞ்சியப் பாத்திருக்காங்க. "இது ரெண்டு பாஷையும் இல்ல, வாய் கோணிக்கினு போவுது, ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க"ன்னு சத்தம் போட்டாங்களாம். அவங்க வூட்டுக்காரருக்கும் இப்படித்தான் பேச்சு குளறி, யாரும் கவனிக்காம விட்டு, போய்ச் சேந்துட்டாராம். வரிசைய விட்டுட்டு வண்டியில ஏறி, திருப்பதி ஆஸ்பத்திரி வரைக்கும் அப்பா தலைய மடியில வச்சிக்கினு வந்திருக்காங்க. நேரத்தோட கொண்டாந்ததாலதான் ஊசி வேலை செஞ்சிதுன்னு டாக்டர் சொன்னாரு. நான் ஆஸ்பத்திரிக்கு வர்ற வரைக்கும் அந்தம்மா நகரல. உங்க வேலை கெட்டுப் போச்சேன்னு நான் அழுதப்ப, "ஆபீஸ் எங்க போயிடும், அங்கியேதான் இருக்கும்"னு என் கையப் புடிச்சிக்கினாங்க.

போன வாரம் கும்பாபிஷேகத்துக்கு அவங்களக் கூப்பிட்டிருந்தோம், மருமகளோட வந்தாங்க. பொடவை வச்சிக் குடுத்தேன், அத்தை பக்கத்துலயே உக்கார வச்சி சோறு போட்டோம். அவங்க தெலுங்குல நலம் கேக்க, அப்பா ஒவ்வொரு வார்த்தையா தமிழ்ல பதில் சொன்னாரு. அதைக் கேட்டதே எனக்கு சாமி பாத்த மாதிரி இருந்திச்சி.

மாப்பிள்ளைக்கு பிரஷர் பாக்கச் சொல்லு, தள்ளிப் போடாத. ஊறுகாயக் கொறைங்க. அம்மன் உங்க மூணு பேரையும் கூடவே இருந்து காப்பாத்துவா. அப்பா வலது கைக்கு இன்னும் பலம் வரல. ஆனாலும் கையெழுத்து நான்தான் போடுவேன்னு பேனாவப் புடுங்கிக்கினாரு. கீழ கோணலா கீறது அவரு எழுதினது. தன் பேரப் போடச் சொன்னேன், உன் பேர எழுதி வச்சிட்டாரு.

இப்படிக்கு உன் அம்மா,
சொக்கம்மாள்

வளர்மதி