பொன்னுதாசின் ஆடும் ஐந்தாவது ஆணியும்

உதியன்குளங்கரை
20.8.2023

கர்த்தருக்குள் அன்பான மக்கா ஷாலுவுக்கு,

அனூப்புக்குக் காரக்கோணம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை நிரந்தரமாகிவிட்டது. ஜின்சி பேங்கு பரீட்சையில் ஜெயித்து நெய்யாற்றின்கரைக் கிளையில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். பார்க்கப் போனால், "டோக்கன் எடுத்தியளா அம்மச்சி?" என்று கேட்கிறாள்! நிபின் துபாயில் கிரேன் ஓட்ட லைசென்ஸ் எடுத்துவிட்டான். அனுமோள் பிளஸ் டூவில் எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ். ஜங்ஷனில் அவள் முகத்தைப் போட்டுப் போர்டு வைத்தார்கள். ஒரு கண்ணில் மட்டும் காக்காய் எச்சம்.

இவர்கள் நாலு பேர் படமும் முன்னறைச் சுவரில் தொங்குகிறது. தாத்தா யோவான் கண் மூடுவதற்கு முன் பேரப்பிள்ளைகள் ஐந்து பேருக்கும் ஒரே நாளில் ஐந்து ஆணி அடித்தாரே, நினைவிருக்கிறதா? "தொடங்கினவனுக்கு இல்ல, முடிச்சவனுக்காக்கும் ஆணி" என்பார். உனக்கான ஐந்தாவது ஆணியில் இப்போது காலண்டர் கிடக்கிறது. வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள்.

இனி அந்தக் குறை இல்லை. உன் நாவலைச் சென்னையில் ஒரு பதிப்பகம் எடுத்துக்கொண்டது என்று அனுமோள் சொன்னாள். நான் அன்றைக்கே போதகரிடம் போய்ப் பொருத்தனை செய்துவிட்டேன். முதல் குலை, முதல் முட்டை, முதல் சம்பளம், எதுவானாலும் நம் வீட்டில் முதலாவது சபைக்குத்தானே? உன் முதல் புத்தகம் அக்டோபரில் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு. ஆராதனையில் பேர் சொல்லி வாசித்தும் ஆயிற்று. சீக்கிரம் அனுப்பு.

முத்தங்களோடு
அம்மச்சி விஜயம்மா

•

சென்னை
9.9.2023

என் அம்மச்சிக்கு,

சபையில் வாசித்தாயிற்றா? ஐயோ!

புத்தகம் வர இன்னும் நாள் ஆகும் அம்மச்சி. எடுத்துக்கொள்கிறோம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். மூன்று பதிப்பகங்கள் பதிலே போடவில்லை. ஒன்று, செலவை நீயே ஏற்றுக்கொண்டால் போடுகிறோம் என்றது. அது வேண்டாம் என்று காத்திருந்து கிடைத்த இடம் இது. இப்போது பதிப்பாசிரியர் எழுதுகிறார்: "எல்லாம் நன்றாக இருக்கிறது, முடிவுதான் இல்லை. ஒருவர் சாகிறார், நாவல் நின்றுவிடுகிறது." முடிவைத் திரும்ப எழுதித் தந்தால்தான் ஒப்பந்தமாம்.

நாலு வருடம் எழுதினேன். கடைசிப் பக்கத்தில் 'முற்றும்' என்று போட்டபோது அழுதுவிட்டேன். அதைப் பார்த்து முடியவில்லை என்கிறார். மாற்ற மாட்டேன், நாவலைத் திருப்பித் தாருங்கள் என்று கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை.

தட்டச்சுப் பிரதி ஒன்று பார்சலில் வருகிறது. உங்களுக்கு மட்டும். மெதுவாக வாசியுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம்.

அன்புடன்
ஷாலு

•

உதியன்குளங்கரை
2.11.2023

மக்கா ஷாலு,

கோபப்படாமல் வாசி. உட்கார்ந்து வாசி.

பார்சல் வந்தது. அச்சு எழுத்து, மேலே அட்டை, ஓரத்தில் சுருள் கம்பி. அட்டையில் உன் பேர். ஐந்தாம் கிளாஸ் வரை படித்தவள் நான். இதற்கு மேல் ஒரு புத்தகம் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நீ காட்டாதே என்றாய். ஆனால் பொருத்தனை கர்த்தரிடம் செய்தது. உன் பேச்சைக் கேட்பதா, கொடுத்த வாக்கைக் காப்பதா? பண்டிகைக்குக் கொண்டுபோய்ப் பூசணிக்காய்க்கும் வாத்துக்கும் நடுவில் வைத்துவிட்டேன்.

நல்ல ஏலம். பூவன் குலையைவிட உயர்ந்து போயிற்று. எடுத்தது யார் தெரியுமா? நம் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற பொன்னுதாஸ். ரேஷன் கடைக்கும் ஆட்டைக் கூட்டிக்கொண்டு போவாரே, அவரேதான். காலையில் வெட்டு முடிந்ததும் விமலகுமாரியின் சாயாக்கடையில் உட்கார்ந்து, தினமும் சத்தமாக வாசித்தார். விமலகுமாரிக்கும் அவருக்கும்தான் ஜென்மப் பகை ஆயிற்றே! அவளும் வடை போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாளாம்.

நேற்று மனுஷன் ஆட்டையும் இழுத்துக்கொண்டு முற்றத்தில் வந்து நின்றார்.

"விஜயம்மக்கா, ஒங்க பேத்தி என்னைக் கொன்னு போட்டா!"

"என்ன ஓய் சொல்லுதீரு?"

"கதையில வாற தாசையன் ஆரு? ஊரெல்லாம் ஆட்டைக் கூட்டிக்கிட்டு நடக்கியவன் நான் இல்லாம வேற ஆரு? ஆட்டுக்க காதில உள்ள கிழிசல்கூட எழுதியிருக்கா. கடைசியில ஜங்ஷன்ல பஸ் இடிச்சு சாவுதேன்."

"அது கதையாக்கும் ஓய்."

"செரி, சாவுதேன். எல்லாரும் சாவத்தானே வேணும்! அதில எனக்கு வருத்தம் இல்ல. எனக்க ஆடு ரோட்டில நிக்குதே, அது எங்க போச்சு? பஸ் போயாச்சு, போலீஸ் வந்தாச்சு, முற்றும்ணு போட்டாச்சு. ஆட்டை ஆரு கொண்டு போனா? கேட்டு எழுதுங்க!"

மக்கா, ஜங்ஷனில் இப்போது இதுதான் பேச்சு. போலீஸ்காரன் கொண்டுபோய்க் கறி வைத்திருப்பான் என்று ஒரு கட்சி. நேற்று ஒரு கண்டக்டர் பஸ்ஸை நிறுத்திவிட்டு, "ஆட்டைப் பற்றித் தகவல் உண்டா?" என்று கேட்டுப் போனானாம்.

தாத்தா இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுதவில்லை. ஆட்டுக்குப் பதில் மட்டும் போடு.

அம்மச்சி

•

சென்னை
10.11.2023

அம்மச்சி,

என்ன காரியம் செய்தீர்கள்! உங்களுக்கு மட்டும் என்றுதானே எழுதினேன்? பிழைகூடத் திருத்தாத பிரதி. அதை வாத்துக்குப் பக்கத்தில் வைத்து ஏலம் போட்டிருக்கிறீர்கள். இரண்டு நாள் நாவலைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் கடைசி அத்தியாயத்தை எடுத்துப் பார்த்தேன். ஆடு இல்லை. முந்நூறு பக்கம் தாசையனோடு நடந்த ஆட்டை ரோட்டில் விட்டுவிட்டு நான் எழுந்து போயிருக்கிறேன். தாசையன் செத்த அழுகையில் ஆடு எனக்கு மறந்தே போயிற்று. பதிப்பாசிரியர் சொன்னதும் இதைத்தான். அவர் சொன்னபோது எனக்கு அது குற்றமாகக் கேட்டது. பொன்னுதாஸ் மாமா கேட்டபோது ஆடு கண்முன்னே நின்றது.

நாவலைத் திருப்பிக் கேட்டு எழுதிய கடிதத்தைக் கிழித்துவிட்டேன். முடிவை எழுதிக்கொண்டிருக்கிறேன். மாமாவிடம் சொல்லுங்கள்: தாசையன் சாகத்தான் செய்வார், அதில் மாற்றம் இல்லை. ஆட்டுக்கு மட்டும் நான் பொறுப்பு.

உங்கள் மேல் கோபம் பாதிதான் மிச்சம்.

ஷாலு

•

உதியன்குளங்கரை
29.10.2024

கர்த்தருக்குள் அன்பான எழுத்தாளர் மக்காவுக்கு,

புத்தகம் பண்டிகைக்கு இரண்டு நாள் முந்தி வந்துவிட்டது. இந்தத் தடவை சுருள் கம்பி இல்லை. மணம்! நான் முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அனுமோள், "அம்மச்சி, புஸ்தகம் வாசிக்கியதுக்காக்கும், மோந்து பாக்கியதுக்கு இல்ல" என்றாள். போடீ, உனக்கு என்ன தெரியும் என்றேன்.

அதையும் ஏலத்தில் வைத்தேன். பொன்னுதாசுக்கு எதிராக ஒருவரும் விலை கேட்கவில்லை. எடுத்த உடனே அங்கேயே நின்று கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். சபை முழுவதும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது, போதகர் உள்பட. தாசையனின் ஆடு தானாக நடந்து, அவரோடு தினமும் சண்டை போட்ட சாயாக்கடைக்காரி வாசலில் போய்ப் படுத்துக்கொள்கிறது, அவளும் கொஞ்சம் கஞ்சித்தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறாள் என்று எழுதியிருக்கிறாயே, அதை வாசித்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"ஆடு செரியான எடத்துக்குத்தான் போயிருக்கு," என்றார். "எனக்குத்தான் புத்தி இல்லாம போச்சு."

விமலகுமாரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்று காலை மார்க்கெட்டுக்குப் போகும்போது பார்த்தேன், ஆடு அவள் கடை வாசலில் கட்டிக் கிடக்கிறது. பக்கத்தில் பொன்னுதாஸ் இட்லி தின்றுகொண்டிருக்கிறார்.

நீ எனக்கென்று கூட அனுப்பிய இன்னொரு புத்தகத்தை நானும் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்து முடித்தேன். கடைசிப் பக்கத்தில் நீ 'முற்றும்' என்று போடவே இல்லை. போடாமலே முடிந்திருக்கிறது மக்கா. தாத்தாவின் கணக்கில் இது செல்லும். காலண்டரை எடுத்து அடுக்களையில் மாட்டிவிட்டேன்.

ஒரே ஒரு குறை உண்டு. புத்தகத்தின் பின் அட்டையில் இருப்பது யார்? இரட்டைச் சடை, பவுடர் டப்பா மூடி அளவுக்கு முகம், முறைப்பு! பத்தாம் கிளாஸ் பரீட்சைக்கு எடுத்த படம்தானே அது? வேறு நல்ல படம் உன்னிடம் இல்லையா? நாவல் எழுதி முடித்தவளின் படம்தான் எனக்கு வேண்டும். புதிதாக ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. போனில் அனுப்பிவிடாதே. அது ஆணியில் தொங்காது.

காத்திருக்கும்
அம்மச்சி விஜயம்மா