கயிற்றை அறுத்துவிடு

திருப்பதி ஆஸ்பத்திரி,
12-2-1941

அன்புள்ள செங்கல்வராயனுக்கு, ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஏசுரத்தினம் இடது கையால் எழுதுவது. எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்.

"முதுகுல ஊசி குத்தினா மண்டை எப்படிய்யா நோவும்? வெசம் ஏறிக்கினுதானே கீது?" என்று நேற்று உன் வீட்டில் கேட்டாய். நான் வாய் திறக்குமுன் மண்வெட்டிக் காம்பு இறங்கிவிட்டது. இரண்டாவது அடியில் மணிக்கட்டு முறிந்தது. மூன்றாவதில் முன்பல் இரண்டு போயின. பதில் அப்படியே நிற்கிறது.

அம்சவேணியைத் தூணோடு உட்காரவைத்துக் கட்டியிருந்தாய். பாம்பு கடித்தவரைத் தூங்கவிடாமல் அடிப்பதுபோல, கண் சொருகும்போதெல்லாம் மகளை அறைந்தாய். உதடு கிழிந்து ரத்தம் ரவிக்கையில் வழிந்தது. வாயில் வேப்பிலையைத் திணித்தாய். "கசக்குது நைனா, என்னைப் படுக்க வுடு" என்று அலறினாள். வேப்பிலை கசந்தால் விஷமில்லை என்பது உங்கள் ஊரில் சொல்வதுதானே? அதுகூட உன் காதில் ஏறவில்லை.

விஷம் எதையும் ஏற்றவில்லை, செங்கல்வராயா. மூளைக்காய்ச்சலா என்று பார்க்க முதுகுத்தண்டிலிருந்து கொஞ்சம் நீர் எடுத்தார்கள். அந்தக் காய்ச்சல் இல்லை. ஆனால் ஊசி போன துளை இன்னும் ஒழுகுகிறது. உன் கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கும் தோல்பையை நினைத்துப் பார். தோலில் முள் குத்தினால் தூக்கும்போது பீச்சும், தரையில் கிடத்தினால் அடங்கும். மூளை அந்த முதுகுத்தண்டு நீரில்தான் மிதக்கிறது. நீர் குறைந்ததால், உட்கார்ந்தால் மண்டை பிளக்கும், படுத்தால் விடும். அதுதான் அடையாளம். துளை சில நாளில் தானாக மூடிக்கொள்ளும்.

இதை உன்னிடம் சொல்லி அனுப்பும்படி டாக்டர் என்னிடம்தான் சொன்னார். நீ அவளை வீட்டுக்குக் கொண்டுபோக வண்டி பூட்டும் அவசரத்தில் இருந்ததால், பிறகு சொல்லலாம் என்று விட்டேன். நான் வாங்கிய அடி எனக்குச் சேர்ந்ததுதான். அவள் வாங்கிய ஒவ்வொன்றும்கூட எனக்குச் சேரவேண்டியது. ஊசி மெல்லியதாக இருந்திருந்தால் ஒழுக்கு குறைந்திருக்கும், இனி மெல்லிய ஊசியே போடுகிறேன் என்கிறார் டாக்டர்.

போலீசாரிடம் மாடு முட்டியது என்று சொல்லிவிட்டேன். கடிதம் கொண்டுவரும் ஆஸ்பத்திரிப் பையன் துலுக்காணம் பயந்துகொண்டேதான் சைக்கிள் மிதித்து வருவான். காம்பை எங்காவது தள்ளி வை.

படுத்த பிறகும் வலி விடாவிட்டால், காய்ச்சலோ கழுத்து விறைப்போ கண்டால், படுக்கவைத்தபடியே வண்டியில் இங்கே கொண்டுவா.

கர்த்தர் உன் கையைத் தடுத்துக் காக்கட்டும். இப்போது கடிதத்தைக் கீழே போடு. கயிற்றை அறுத்து, தலையணை இல்லாமல் அவளை மல்லாக்கப் படுக்கவை. கெட்டியாக ஒரு டம்ளர் காப்பி கொடு. கால்மணி கழித்துப் பக்கத்தில் உட்கார்ந்து, கையை ஓங்காமல், "இப்ப நோவுதாம்மா?" என்று கேள்.

உன் சிநேகிதன்,
ஏசுரத்தினம்