சனிக்கிழமை டேப்

1994 அக்டோபர் 11, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். மேகம் மட்டும், மழை இல்லை. பாப்பாவின் நெற்றி சூடு. பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா தொட்டுப் பார்த்துவிட்டு, "காச்சல் இல்லம்மா, பல்லு மொளைக்குது. நீ ரயிலப் புடி" என்றார். பாப்பாவை அவரிடம் விட்டுவிட்டு, அம்பத்தூர் வரை ரயிலில் நின்றுகொண்டே. காஸை மூடினேனா? மூடினேன். மூடியிருப்பேன்.

ஆபீஸ் விஷயம். சனிக்கிழமை சர்வீஸ் எஞ்சினியர் வருகிறார். கம்ப்யூட்டரின் பழைய டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு போவார், புதிது மாட்டுவார். பட்டறை ஆட்களின் ஒரு வருஷ வருகைக் கணக்கு பழையதில்தான். தீபாவளி போனஸே அதை வைத்துத்தான். எல்லாவற்றையும் டேப்பில் பிரதி எடுத்து, 'பேக்கப் சரி' என்று நான் கையெழுத்துப் போட்டால் டிஸ்க் போகும்.

டேப் சுருளை அடைத்த சின்னப் பெட்டிதான் கார்ட்ரிட்ஜ்; இருப்பவை ஆறு, கிழமைக்கு ஒன்று. நான் பிரசவத்துக்குப் போகும் முன்பே பழசு. எழுதி, அதன் மேலேயே எழுதி, மறுபடி எழுதி. புதிது வேண்டும் என்றேன். இல்லாவிட்டால் ஒவ்வொன்றையும் திரும்பப் படித்து டிஸ்க்கோடு ஒப்பிட வேண்டும்.

மேனேஜர்: "ஸ்கிரீன்ல முடிஞ்சதுன்னு வருதுல்ல? அப்புறம் என்ன?"

எழுதி முடிந்தது என்றுதான் வருகிறது. படிக்க வரும் என்று எங்கே வருகிறது?

"குழந்தை பெத்துட்டு வந்ததுலேருந்து உனக்கு எதைப் பாத்தாலும் பயம்மா."

"ஆமா சார், பயம்தான். அதான் கையெழுத்துப் போட மாட்டேன்."

எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

அக். 12, புதன்

மத்தியானம் பத்து நிமிஷத் தூறல். துணி காயவில்லை.

வாங்க: கிரைப் வாட்டர், பொரி, பஞ்சு, ஸ்பிரிட். (பின்னிரண்டும் பாப்பாவுக்கு இல்லை. டேப் ஓடும் டிரைவில், டேப்பைப் படிக்கும் ஹெட்டைத் துடைக்க.)

சாப்பிடும்போது இவர்: "மூணு மாசம் பாக்கலாம்னுதான் உன்னத் திரும்ப எடுத்திருக்காங்க. ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டுப் போயேன்."

ரசம் ஊற்றினேன். என்றைக்காவது டேப் படிக்க வரவில்லை என்றால் அந்தக் கையெழுத்து யாருடையது? இவருடையதா?

அக். 13, வியாழன். ஆயுத பூஜை

லேத்துக்கெல்லாம் சந்தனம், மாலை. லேத் பிரிவு ஏகாம்பரம் அண்ணன்தான் பூஜை. என் அறைக்கு வந்து ஆறு கார்ட்ரிட்ஜையும் அள்ளிக்கொண்டுபோய்ப் படத்துக்கு முன்னால் அடுக்கினார். கம்ப்யூட்டரும் ஆயுதம்தானாம். ஒவ்வொன்றாக நெற்றியில் குங்குமம் வைக்க ஆரம்பித்தார். அங்கே இருக்கும் சின்ன மூடிக்குப் பின்னால்தான் டேப். தூள் உள்ளே போனால் அவ்வளவுதான். அவர் கை வரும் முன் கடைசியில் இருந்த சனிக்கிழமை டேப்பை மட்டும் எடுத்து என் பைக்குள் போட்டேன்.

"இன்னாம்மா, சரஸ்வதிக்கே தர மாட்டியா?"

"தூள் பட்டா கெட்டுடும் அண்ணே."

"அஞ்சு நாளயும் உட்டுட்டு சனிய இட்டுகினு ஊட்டுக்குப் போற. பாத்தும்மா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும். ஆனால் தரவில்லை. மற்ற ஐந்தும் பூஜையில். நாளை காலைவரை தொடக்கூடாது, துடைக்கவும் முடியாது.

அக். 14, வெள்ளி. விஜயதசமி

"சும்மா ஆன் பண்ணிட்டு, சுண்டல் வாங்கிட்டு வீட்டுக்குப் போம்மா" என்றார் மேனேஜர்.

"விஜயதசமிக்குப் படிக்கத்தானே சார் ஆரம்பிக்கணும். டேப்பெல்லாம் இன்னிக்குப் படிக்கட்டும்."

முறைத்தார். தடுக்கவில்லை.

பிரஷ்ஷால் குங்குமத்தைத் தட்டினேன். ஹெட்டைத் துடைத்தேன். ஒவ்வொரு டேப்பிலும் முழுக் கணக்கையும் எழுதி, திரும்பப் படிக்கவிட்டேன். பொழுது சாய்ந்துவிட்டது. ஆறிலும் 'முடிந்தது' என்று வந்தது. படித்தபோது:

திங்கள் — பாதியில் நின்றது.
செவ்வாய் — அதே கதை.
புதன் — சரி. கடைசிவரை. குங்குமம் அதிகம் அப்பியிருந்தது இதில்தான்.
வியாழன் — கிறீச் சத்தம், டேப் சிக்கிச் சுருண்டுவிட்டது.
வெள்ளி — படிக்கவே இல்லை.
சனி — நான் பாப்பாவின் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொண்டுவந்தது. இதுவும் படிக்கவில்லை.

ஏகாம்பரம் அண்ணன் வாசலில் நின்று, "சாமிகிட்ட வெச்சது பொழச்சிகிச்சி. நீ ஒளிச்சது பூட்டுச்சே."

"ஆமாண்ணே. நான் நெனச்சதும் தப்பு. மூஞ்சியப் பாத்து டேப்ப நம்ப முடியாது."

மேனேஜர்: "ஒண்ணு சரியா இருக்குல்ல? போதும். நாளைக்குக் கையெழுத்து."

போதாது. ஐந்து பழசு போனபிறகு ஆறாவது பழசை எப்படி நம்புவது? புதிய டிஸ்க்கில் ஏற்றும்போது அதுவும் சுருண்டுவிட்டால்?

அக். 15, சனி

ராத்திரி நல்ல மழை. தண்டவாளம் ஓரம் தண்ணீர், ரயில் லேட். பாப்பாவுக்குக் கீழ்ப்பல் ஒன்று வெள்ளையாகத் தெரிகிறது. விரலைக் கடித்தாள்.

எஞ்சினியர் எனக்கு முன்பே வந்துவிட்டார். மேனேஜர் தாளை நீட்டினார்.

"புது கார்ட்ரிட்ஜ் வரணும் சார். ரெண்டு பிரதி எடுத்துப் படிச்சுப் பாக்குறவரைக்கும் பழைய டிஸ்க் இங்கேருந்து போகாது."

"கையெழுத்து இல்லாம நான் கழட்ட மாட்டேன் சார்" என்றார் எஞ்சினியர், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

"அப்ப திங்கள்லேருந்து நீ வர வேணாம்" என்றார் மேனேஜர் என்னிடம்.

"வேற யாரையாவது போடச் சொல்லுங்க. நான் போட மாட்டேன்."

வாசலில் ஏகாம்பரம் அண்ணன், கையில் எண்ணெய்த் துணி. "இன்னா சார், எங்க போனஸு கணக்கு அந்தப் பொட்டிக்குள்ள கீதா?"

நான்தான் சொன்னேன்: "அதுக்குள்ளதான் இருக்கு அண்ணே. வெளிய ஒரே ஒரு பிரதி."

அண்ணன் நகரவில்லை. அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். எஞ்சினியர் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் வைத்தார்.

மேனேஜர் வெள்ளைத் தாள் ஒன்றை என் பக்கம் தள்ளினார். "கார்ட்ரிட்ஜ் எந்த மாதிரி, எத்தனைன்னு எழுதிக் குடு."

ஆறு கேட்பதாகத்தான் இருந்தேன். பன்னிரண்டு என்று எழுதினேன்.