உன் பேர் எழுதின வண்டி

தூத்துக்குடி,
விய வருஷம் ஆவணி 14.

சௌபாக்கியவதி மகள் செண்பகத்துக்கு அப்பா பேச்சிமுத்து எழுதுவது. கொழும்பில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் திருச்செந்தூரான் கிருபையில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுதான் சரியில்லை. உன் காகிதம் வந்தது. ஐப்பசியில் கப்பலேறி வருவதாகவும், பேரனுக்குச் செந்தூரில் முடியெடுக்க நம் பஸ்ஸிலேயே போக வேண்டும், உன் பேர் எழுதின வண்டியில் அவனை முன் சீட்டில் உட்கார வைக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். அந்த வண்டிக் கதையைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

சித்திரையிலிருந்தே ஸ்டியரிங் ஆட்டம். அரைச் சுற்று சுற்றின பிறகுதான் சக்கரம் திரும்பும். ஆத்தூர் வளைவு வருமுன்பே டிரைவர் செந்தூர்பாண்டி சுற்ற ஆரம்பித்துவிடுவான், ஏறியிருக்கிறவர்களுக்குத் தெரியாது. வண்டி வாங்கின கம்பெனியிலேயே கொண்டு விட்டேன். ஒரு மாதம் வைத்திருந்தார்கள், தினமும் போய் நின்றேன், மானேஜர் உட்காரச் சொன்னதுகூட இல்லை. ஆனியில் ஒரு வெள்ளிக்கிழமை, வண்டி ரெடி என்று ஆள் வந்தது. அங்கே மிஸ்திரி எபனேசர் நல்ல மனுஷன், அண்ணாச்சி, கடற்கரை வரைக்கும் ஒரு சுற்று ஓட்டிப் பாத்துட்டு எடுங்க என்றார். நான்தான் கேட்கவில்லை. பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் வண்டி வாசல் தாண்ட வேண்டும் என்று பறந்தேன். பூசணிக்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று அவர்கள் நீட்டின நோட்டில் கையெழுத்தும் போட்டேன். எலுமிச்சம்பழத்தின் மேல் நேராகத்தானே ஏறுகிறது, அதற்கு ஸ்டியரிங் எதற்கு. முதல் திருப்பத்திலேயே பழைய ஆட்டம். திரும்பக் கொண்டுபோனால் மானேஜர் அந்த நோட்டை எடுத்துக் காட்டுகிறார். உள்ள பல்லு தேஞ்சு போச்சு அண்ணாச்சி, இறுக்கி மட்டும்தான் குடுத்தோம், சாமான் சீமையிலிருந்து வரணும், எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது என்று எபனேசர் தனியே கூப்பிட்டுச் சொன்னார். இரண்டு மாதமாக இதே பதில். ஆட்டத்தோடுதான் வண்டி ஓடுகிறது. ஆகையால் நீ நம் பஸ்ஸில் ஏற வேண்டாம், ரயிலில் மணியாச்சி, திருநெல்வேலி என்று சுற்றிச் செந்தூர் போய்க்கொள்ளலாம்.

இதுவரை எழுதினதை உன் அம்மாவுக்கு வாசித்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை நிமிராமல், நம்ம பேரன் ஏறக்கூடாத வண்டியில ஊரார் பிள்ளைகளை ஏத்துதியளாக்கும் என்று கேட்டாள். கோபம் வந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்குப் போனேன். வண்டி புறப்பட இருந்தது. எல்லோரையும் இறங்கச் சொன்னேன். கைக்குழந்தைக்காரி ஒருத்தி என்னை வாய்க்கு வந்தபடி ஏசினாள், கேட்டுக்கொண்டேன். ஓடாத வண்டிக்குப் பர்மிட் நிலைக்காது, ரூட் வேறு ஆளுக்குப் போய்விடும், பிறகு சாமான் வந்தும் புண்ணியமில்லை. செந்தூர்பாண்டிக்கு நாளை முதல் வேலை கிடையாது. அவன் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, பிழைச்சேன் மொதலாளி என்றான். இத்தனை நாளும் அவன் எப்படி ஓட்டினான் என்று நான் கேட்டதே இல்லை அம்மா.

வேறு விசேஷம் இல்லை. கப்பலில் பேரனுக்குக் காது மறையத் துணி கட்டு, எந்தக் கப்பல் என்று முன்னாலேயே எழுது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசீர்வாதம். வண்டி நம் வீட்டுப் பக்கத்தில்தான் நிற்கிறது, முன்னால் உன் பேர் அழியாமல் இருக்கிறது, அதைப் பார்த்து நீ அழக் கூடாது. பேரனை முன் சீட்டில் உட்கார வைப்போம். ஸ்டியரிங்கை அவன் ஆசைதீரச் சுற்றட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
பேச்சிமுத்து.